நெஞ்சில் நம்பர் குத்தி ஓடிய காலம்

புதிதாக ஓடக் கற்றுக்கொள்கிறவளுக்கு ஊரே கைகொடுக்கிறது. கற்று முடித்த மறுநாள் ஏனென்று கேட்க நாதி கிடையாது. இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அந்தப் பயிற்சியில் சேர்ந்தே இருக்கமாட்டேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சிவனே என்று இருந்திருப்பேன்.

இதைத் தமிழில் எழுதுவதில் எனக்கு ஒரு வசதி உண்டு. எங்கள் வீட்டுப் பேச்சு ஃபிஜி இந்தி. என் அப்பா தமிழ் வாத்தியாராக இருந்ததால் எனக்கு எழுதப் படிக்க வந்தது. என் கணவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆகவே அவரைப் பற்றி நான் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், எழுதத்தான் போகிறேன்.

ஆரம்பம் ஒரு டாக்டரின் அறையில். நாங்கள் நியூசிலாந்துக்குக் குடிபோக விண்ணப்பம் போட்டிருந்தோம். ஃபிஜியில் எங்கள் இந்திய ஜனங்களில் அப்போது போடாதவர்கள் யார்? எண்பத்தேழில் இரண்டு முறை, இரண்டாயிரத்தில் ஒரு முறை, இந்தியர் கை ஓங்குகிறது என்று ஆட்சியைக் கவிழ்த்தாயிற்று. ஆட்சிக் கவிழ்ப்புக்கு எங்கள் பேச்சில் 'கூ' என்று பெயர். பிள்ளைகளின் வயதையே முதல் கூவுக்கு முன்னால், மூன்றாவது கூவுக்குப் பின்னால் என்றுதான் சொல்வோம். இப்போது நான்காவது வரும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள், மழை வரும் என்று பேசுகிற மாதிரி.

விண்ணப்பத்துக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பார்த்தார். மறுபடியும் அடித்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டார். இந்த ரத்த அழுத்தத்தை எழுதி அனுப்பினால் அங்கே உங்கள் விண்ணப்பத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், நான் இப்போது அனுப்பவில்லை, எடையைக் குறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு சில மாதம் கழித்து வாருங்கள் என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் என் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது சொல்லியிருக்க வேண்டாம்.

அவர் காரைச் சமபுலாவுக்கு ஓட்டினார், தலைநகர் சுவாவின் ஓரத்தில் அங்கேதான் எங்கள் வீடு. வாசலில் நிறுத்திவிட்டு, இனி எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது என்றார். கார் சாமான்கள் விற்கும் கடையில் வேலை அவருக்கு. ஒரு பாகம் கெட்டால் வண்டி நிற்கும் என்று தெரிந்தவர். அந்தப் பாகம் நான்.

அப்படித்தான் அந்தப் பயிற்சியில் சேர்ந்தேன். சுவாவில் இருந்த சில அலுவலகங்கள் ஒன்றுசேர்ந்து, வேலை முடிந்த பிறகு கடற்கரையோர மைதானத்தில், ஓடியே பழக்கமில்லாதவர்களுக்கென்று நடத்தினார்கள். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் உயரமான ஒரு ஃபிஜியப் பெண்மணி, முன்பு நெட்பால் ஆடியவள். அவள் விசிலை ஊதினால் ஓட வேண்டும், மறுபடி ஊதினால் நடக்க வேண்டும். முதல் வாரம் ஓடுவது கொஞ்சம், நடப்பது அதிகம். போகப்போக விசில் வரவே வராதோ என்று பயமாக இருக்கும். அவள் சொன்ன ஒரே விதி, பேசிக்கொண்டே ஓடுங்கள் என்பதுதான். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், குறைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குப் பேச்சுத் துணையாகக் கிடைத்தவள் ஒரு நர்ஸ். நகாசியில் இருந்து வருவாள், என்னைவிடச் சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மாமியாரைப் பற்றி ஆரம்பித்தால் மைதானம் மூன்று சுற்று முடிந்தது தெரியாது. என் இடுப்பு வலி, தொடை எரிச்சல் எல்லாம் அந்த மாமியாரின் கொடுமையில் மறந்துபோகும். கடைசி நாள் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, நெஞ்சில் ஆளுக்கொரு நம்பரை ஊக்கு வைத்துக் குத்தி, நிஜமான பந்தயம் போல ஓடவிட்டார்கள். நான் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. வந்து சேர்ந்ததும் வாழைப்பழமும் ஆரஞ்சு ஜூஸும் கொடுத்தார்கள். நாற்பது வயதுக்கு மேல் யாரும் எனக்குக் கைதட்டியதில்லை, அன்று தட்டினார்கள். அழுதேவிட்டேன்.

பயிற்சியாளர் எங்களைக் கட்டிப்பிடித்து, இனி நீங்களே ஓடுவீர்கள் என்று வாழ்த்திவிட்டு விசிலைப் பைக்குள் போட்டாள். அத்தோடு சரி.

அடுத்த வாரமே நர்ஸுக்கு விசா வந்துவிட்டது. எங்கள் பக்கம் நாட்டை விட்டுப் போகிறவர்கள் வீட்டுச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். என் வீட்டில் சோறாக்கும் குக்கர் ஒருவருடையது, ஜன்னல் திரை இன்னொருவருடையது, துணி உலர்த்தும் கம்பி மூன்றாவது ஆளுடையது. நர்ஸ் எனக்குத் தன் ஓட்டச் சப்பாத்தைக் கொடுத்தாள். பெட்டியில் இடமில்லை அக்கா, அங்கே போய் வேறு வாங்கிக்கொள்கிறேன் என்றாள். எனக்கு அது ஒரு சைஸ் பெரிது. இரண்டு காலுறை போட்டுக்கொண்டால் சரியாக இருந்தது.

அதற்கு முன்னால் நான் போட்டிருந்தது எங்கள் சாலைக் கடையில் வாங்கிய கான்வாஸ் சப்பாத்து. கடைக்காரர் எங்களைப் போலவே தென்னிந்தியர். கோயிலில் பழகிய தமிழ் இன்னும் அவர் வாயில் இருந்தது. என்னிடம் பேசினால் மட்டும் அதை வெளியே எடுப்பார். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணே என்பேன். சப்பாத்து பிடிக்கிறதே என்றேன். போடப் போடத் தளரும் தங்கச்சி என்று சத்தியம் செய்தார். தளரவில்லை. என் கால் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்ததுதான் மிச்சம்.

தனியாக ஓடுவது எப்படி என்று யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. மழைக்காலம் தொடங்கிவிட்டது. சுவாவின் மழையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். ஈரமான சப்பாத்துக்குள் செய்தித்தாளைத் திணித்து ஃப்ரிட்ஜின் பின்னால் வைத்தால் காலையில் பாதி காயும். மீதி ஈரத்தில் காலை நுழைக்க வேண்டும். தொடை உராய்ந்து எரியாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். வெயில் ஏறினால் தாளித்த குழம்பு மாதிரி மணத்தேன். அரைக்கால் சட்டை போட எனக்கு வராது. சல்வாரின் கால்சட்டையும் மேலே பயிற்சியில் கொடுத்த டி-ஷர்ட்டும்தான். வியர்வையில் அந்தக் கால்சட்டை முழங்காலில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இழுக்கும்.

இதில் சாலை வளைவில் ஒரு நாய் வேறு. கடிக்காது, ஆனால் சும்மாவும் விடாது. என் குதிகாலுக்கு ஒரு முழம் பின்னால் சத்தமில்லாமல் வரும். அதனால் நான் எப்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுவேன்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பேசிக்கொண்டே ஓடு என்ற விதிதான் என்னைச் சங்கடப்படுத்தியது. யாரோடு பேசுவது? வேகம் சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆகவே தனியாகப் பேச ஆரம்பித்தேன். சும்மா பேச என்ன இருக்கிறது, திட்ட ஆரம்பித்தேன். முதலில் டாக்டரை. பிறகு விட்டுவிட்டுப் போன நர்ஸை. பிறகு ரேடியோவில் நாள் குறித்து மிரட்டிக்கொண்டிருந்த ராணுவத்தை. கடைசியில், அதாவது கடைவரிசை தாண்டி வரும் மேட்டில் மூச்சு முட்டும் இடத்தில், என் கணவரை. அவரைத் திட்டும்போது மட்டும் மூச்சு எங்கிருந்தோ வந்துவிடும்.

அவர் செய்தது அப்படி. கோயிலில் பெரியம்மா முறையான ஒருத்தி, நடுத்தர வயதுப் பொம்பிளை எதற்காக ரோட்டில் ஓடுகிறாள் என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். எங்கள் ஜனங்களுக்கு உடம்பை வருத்துவது என்றால் ஒரே அர்த்தம்தான்: வேண்டுதல். தீமிதிப்பதும் அலகு குத்துவதும் பார்த்துப் பழகிய கண்கள். அவரும் ரத்த அழுத்தம் என்று சொல்ல வெட்கப்பட்டு, ஆமாம், விசா கிடைக்க வேண்டி ஓடுகிறாள் என்று சொல்லிவைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் மழைக்காக வீட்டில் இருந்தாலும் யாராவது போன் செய்து, இன்றைக்கு ஓடவில்லையா, அம்மனுக்குக் குறை வைக்கலாமா என்று கேட்டார்கள். நான் எனக்காகத் தொடங்கிய ஒரே காரியம் இரண்டே வாரத்தில் ஊர்ச் சொத்தாகிவிட்டது. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தச் சனிக்கிழமை வந்தது. ராணுவம் அரசாங்கத்துக்குச் சொன்ன கெடு முடிந்துகொண்டிருந்தது. வங்கி இயந்திரங்களில் வரிசை, பெட்ரோல் போட வரிசை. நான் வழக்கம்போலக் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினேன், கடைகள் திறந்து சாலையில் ஆள் நடமாடும் நேரம். நாய் பின்னால் வந்தது. நான் திரும்பிப் பார்த்தபடியே, வாய்விட்டுத் திட்டிக்கொண்டே, தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் கடைவரிசையைக் கடந்தேன்.

தடால் என்று ஒரு சத்தம். சப்பாத்து விற்ற அண்ணனின் கடை ஷட்டர் இறங்கியது. உடனே பக்கத்துத் துணிக்கடை. அடுத்தது முடிவெட்டும் கடை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏதோ வேலை என்று நினைத்தேன். பிறகு என் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, பலது. மைதானத்தை விட்டு வந்த பிறகு எனக்குப் பின்னால் கேட்ட முதல் காலடிகள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம்மைப் பார்த்து நாலு பேர் ஓட ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்தி இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினேன்.

அவர்களும் கூட்டினார்கள்.

ஒரு பெண் என் பக்கத்தில் வந்துவிட்டாள். கையில் காய்கறிப் பை, ஒரு காலில் மட்டும் செருப்பு. மூச்சு வாங்க என்னிடம் இந்தியில் கேட்டாள், எதுவரைக்கும் வந்துவிட்டார்கள் என்று. யார் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. நான் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். சாலை முழுக்க ஜனம் ஓடிவந்துகொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள், ரொட்டிக் கடையில் இருந்தவர்கள், தோளில் குழந்தையோடு ஒருவர். எல்லாருக்கும் பின்னால் என் நாய்.

ஒன்றுமில்லை, நான் உடற்பயிற்சிக்காக ஓடுகிறேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. காய்கறிப் பைக்காரி கீழே உட்கார்ந்து தக்காளியைப் பொறுக்க ஆரம்பித்தாள். குழந்தையோடு வந்தவர் என்னைத் திட்டிய வார்த்தைகளை நான் இங்கே எழுதவில்லை. இதற்கெல்லாம் ஒரு நேரம் காலம் இல்லையா என்று மற்றவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு டாக்டர் கொடுத்த கெடுவும்தான் ஓடிக்கொண்டிருந்தது. ராணுவத்தின் கெடு முடியட்டும் என்று என் ரத்தம் காத்திருக்குமா?

திரும்பி வரும்போது சப்பாத்துக் கடை அண்ணன் ஷட்டரைப் பாதி தூக்கி அதன் அடியில் இருந்து எட்டிப் பார்த்தார். எனக்கு அவமானத்தில் கோபம் வந்துவிட்டது. ஒரு பொம்பிளை ஓடினால் கேட்டுவிட்டுச் செய்யக்கூடாதா என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. போன கூவில் அவர் கடை சுவா டவுனில் இருந்ததாம். நம் பிள்ளை ஒருத்தி ரோட்டில் ஓடிவந்து கடையை மூடுங்கள் என்றாளாம். இவர் சிரித்துக்கொண்டு, என்ன ஆச்சு, மெதுவாகச் சொல்லு என்று கேட்டுக்கொண்டு நின்றாராம். அவள் மூச்சு வாங்கிப் பதில் சொல்வதற்குள் கொள்ளைக் கூட்டம் வந்து, சாயங்காலத்துக்குள் அலமாரிகூட மிஞ்சவில்லை.

"அன்னிக்கி கேட்டுக்கினு நின்னேன் தங்கச்சி. இனிமே நம்ம ஆளு ஓடினா ஷட்டர்தான் முதல்ல. கேள்வி அப்பறம்" என்றார்.

நான் அவிழ்ந்திருந்த முடியை அள்ளி முடிந்துகொண்டு வீட்டைப் பார்த்து ஓடினேன்.

வீட்டுக்கு நான் போவதற்கு முன்பே சேதி போய்விட்டது. என் கணவர் ஓட்டத்தை நிறுத்து என்று சொல்லவில்லை. சொல்ல முடியாதே, விசா என்ன ஆவது? அதற்குப் பதிலாக ஒரு யோசனை கண்டுபிடித்தார். நான் முன்னால் ஓடுவது, அவர் பின்னால் காரில் மெதுவாக வருவது. பார்க்கிறவர்களுக்குப் பயம் வராதாம். மறுநாள் அப்படியே செய்தோம். ஒரு பெண் அழாத குறையாக முன்னால் ஓடுகிறாள், பின்னால் ஒருவன் கார் கண்ணாடியை இறக்கி "சீக்கிரம், சீக்கிரம்" என்று சத்தம் போட்டுக்கொண்டு வருகிறான். மேடு ஏறுவதற்குள் இரண்டு பேர் காரை மறித்துவிட்டார்கள். நீங்கள் வேண்டுமானால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று ஒரு ஃபிஜியப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் காருக்குள் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பதா பிரேக்கை மிதிப்பதா என்று தெரியாமல் விழித்தார். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

கடைசியில் வழி சொன்னவர் சப்பாத்துக் கடை அண்ணன். பந்தயத்தில் ஓடுகிறவர்கள் குத்திக்கொள்வார்களே நம்பர், அது உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, சாமி அறையில் மாட்டி வைத்திருந்தேன். அதைக் குத்திக்கொண்டு ஓடு, பார்க்கிறவனுக்கு இது விளையாட்டு என்று புரியும், நானும் மற்ற கடைக்காரர்களிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். கடைவரிசை முழுக்க ஒத்துக்கொண்டது. என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அப்படித்தான் நான் ஆள் இல்லாத பந்தயத்தில் தினமும் ஓட வேண்டி வந்தது. தொண்ணூற்றிரண்டு என்று பெரிய கறுப்பு எழுத்து நெஞ்சில். மழையில் நனைந்து கிழிந்துவிடும் என்று என் கணவர் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டிக் கொடுத்தார். அந்த உறை வியர்வையில் பிசுபிசுவென்று உடம்பில் ஒட்டும், அடிக்கு அடி சத்தம் போடும். ரொட்டிக் கடைப் பையன்கள் தொண்ணூற்றிரண்டு வந்தாச்சு என்று கூவுவார்கள். இன்று எத்தனையாவதாக வந்தீர்கள் என்று முடிவெட்டுகிறவர் தவறாமல் கேட்பார். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். வேறு என்ன செய்வது?

சில நாளிலேயே கூ வந்துவிட்டது. துப்பாக்கிச் சத்தம் இல்லை, தீ வைப்பு இல்லை. பிரதம மந்திரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாலைகளில் ராணுவம் தடுப்பு போட்டு வண்டிகளைச் சோதித்தது. நான் ஓடும் வழியிலும் ஒரு தடுப்பு. அங்கே நின்ற சிப்பாய்க்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. என் நெஞ்சில் நம்பரைப் பார்த்துவிட்டு அவசரமாகத் தடுப்புக் கட்டையை நகர்த்தி வழி விட்டான். பிறகு சாலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மற்றவர்கள் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

எல்லாரும் முன்னாலேயே போய்விட்டார்கள் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் பயிற்சியில் ஓடியவர்களில் பாதிப் பேர் அதற்குள் ஆக்லாந்திலோ பிரிஸ்பேனிலோ இருந்தார்கள்.

நர்ஸ் ஆக்லாந்தில் இருந்து ஒரு நாள் போன் செய்தாள். அவள் வீட்டுப் பக்கத்திலேயே பெரிய பூங்காவாம், ஓடுவதற்கென்றே பாதையாம், நாய்களைக் கயிற்றில் கட்டித்தான் கூட்டிவருவார்களாம். நீ எவ்வளவு தூரம் ஓடுகிறாய் என்று ஆவலாகக் கேட்டேன். எங்கே அக்கா, இரண்டு இடத்தில் வேலை, வந்து விழுந்தால் போதும் என்று இருக்கிறது என்றாள். வந்த நாளில் இருந்து ஒரு நாள்கூட ஓடவில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். இங்கே நான் எண்ணெய் தடவி, நம்பர் குத்தி, நாயோடும் சிப்பாயோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பாதையும் பூங்காவும் கிடைத்தவள் படுத்துத் தூங்குகிறாள்.

புதிதாக ஓடுகிறவர்களுக்கு எது ஊக்கம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். பாட்டுக் கேளுங்கள், இலக்கு வையுங்கள், நண்பரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஊக்கம் கோபம்தான். தினமும் வீட்டில் இருந்து கிளம்பும்போது திட்டுவதற்கு ஆள் தயாராக இருக்கும். ஆனால் பிப்ரவரியோ மார்ச்சோ, ஒரு காலை, மழை விட்டு ரோட்டில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. நான் மேட்டின் உச்சிக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், கீழே இருந்து இதுவரை யாரையும் திட்டவில்லை. பேசவே இல்லை. மூச்சு பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. கால் தானாகப் போனது. நம்பர் உறை சத்தம் போட்டதுகூடக் காதில் விழவில்லை. எனக்கு இவ்வளவு வயசில் என் உடம்பு என்னோடு ஒத்துழைத்தது அதுதான் முதல் தடவை. பிள்ளை பெற்றபோதுகூட அது என்னிடம் கேட்டுச் செய்யவில்லை.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, விசா வந்தாலும் வராவிட்டாலும் இதை நான் விடப்போவதில்லை என்று. அந்த மேட்டை விட்டுப் போகத்தான் மனசு வரவில்லை. எந்த மேட்டில் ஏறிப் பழகினால் நான் நாட்டை விட்டுப் போக முடியுமோ, அந்த மேடுதான் என்னைப் பிடித்து வைத்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? என் கணவர் வீட்டில் பெட்டி வாங்கி வைத்துவிட்டார்.

டாக்டர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பார்த்தார். இந்த முறை மறுபடி அடிக்கவில்லை. என்ன செய்தீர்கள் என்று ஆச்சரியமாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், ஓட வைத்தோம் டாக்டர் என்றார் என் கணவர். வைத்தோமாம்.

சில மாதத்தில் விசா வந்தது. கோயிலில் அர்ச்சனை செய்தோம். பெரியம்மா என் கன்னத்தை வழித்து, வேண்டுதல் பலித்துவிட்டது, இனி நீ ஓட வேண்டாம், காலுக்கு ஓய்வு கொடு என்றாள். என் கணவரும் அதையே சொன்னார். காரியம் முடிந்துவிட்டதாம். நான் மறுநாளும் ஓடினேன். பிறகும் ஓடினேன். வீட்டுச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். குக்கர் போனது, திரை போனது, கம்பி போனது. சப்பாத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

நந்தி விமான நிலையத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை கடைசியாக ஒரு தடவை ஓடினேன். நம்பரைக் குத்தவில்லை. மறந்துவிடவில்லை, இந்த ரோட்டில் ஒரு நாளாவது வேஷம் கட்டாமல், நான் நானாக ஓட வேண்டும் என்று தோன்றியது. ரேடியோவில் அன்று கெடு எதுவும் இல்லை, தடுப்பும் எப்போதோ எடுத்தாயிற்று. நாய் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைவரிசையில் சப்பாத்துக் கடை மட்டும் திறந்திருந்தது. அண்ணன் வாசலில் அட்டைப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார். தூரத்தில் நான் வருவதைப் பார்த்ததும் அவர் கை மேலே போய் ஷட்டரைப் பிடித்தது. பாதி இறக்கிவிட்டார். பிறகு முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"நம்பர் எங்க தங்கச்சி? என் உசுரே போச்சு."

நான் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, பெட்டியில் வைத்துவிட்டேன் அண்ணே என்றேன். நாளைக்கு நியூசிலாந்து போகிறோம், விசா வந்துவிட்டது, சொல்லிக்கொள்ளத்தான் நினைத்தேன், சாமான் கட்டுவதிலேயே நேரம் போய்விட்டது என்றேன். நிறுத்தாமல் பேசினேன். பயிற்சியில் சொன்ன விதிப்படி பார்த்தால் வேகம் சரியாகத்தான் இருந்தது.

அவர் முழுக்கக் கேட்டார். கை இன்னும் பாதி இறங்கிய ஷட்டரின் மேலேயே இருந்தது. கோபமோ கிண்டலோ அவர் முகத்தில் இல்லை. கணக்குச் சரிபார்க்கிறவர் மாதிரி ஒரு தடவை தலையை ஆட்டினார்.

"அப்ப அன்னிக்கி நான் ஷட்டர இறக்கினது தப்பில்ல."

எனக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. அன்றைக்கு நான் உடம்புக்காக ஓடினேன், யாருக்கும் பயந்து ஓடவில்லை. இப்போதும் முறையாக விண்ணப்பம் போட்டு, பரிசோதனை முடித்து, டிக்கெட் வாங்கிப் போகிறேன். எல்லாம் உண்மை. ஒன்றையும் அவரிடம் சொல்ல முடியவில்லை. போய்ட்டு வரேன் அண்ணே என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஷட்டரை மறுபடி மேலே தள்ளிவிட்டு, பெட்டியைப் பிரிக்கக் குனிந்தார். எனக்கு முன்னால் மேடு அப்படியே இருந்தது. நான் அதில் ஏறவில்லை. திரும்பி வீட்டுக்கு நடந்தே போனேன். ஓடக் கற்றுக்கொண்ட பிறகு அந்தச் சாலையில் நான் நடந்து திரும்பியது அன்றைக்கு மட்டும்தான்.